அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்

ஆவணப்படம் என்றாலே பின்னணிக் குரலும் புள்ளிவிவரமும்தான் என்று நினைப்பவர்கள், திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ பார்க்க வேண்டும். 2017-இல் வந்தது. தமிழ்நாட்டில் கையால் மலம் அள்ள வைக்கப்படும் மனிதர்கள் தாங்களே பேசுகிறார்கள். பாதியில் எழுந்துபோக என்னால் முடியவில்லை.

பார்த்ததிலிருந்து எனக்கு நம்ம சயாம் மரண ரயில் நினைப்புதான். 1942-43-இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. உலகத்துக்குத் தெரிந்த படங்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளின் கதைதான்.

போய் வந்தவர்கள் அநேகமாக இப்போது இல்லை. ஆனால் அப்பா திரும்பி வருவார் என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் காத்திருந்த பிள்ளைகள் சிலர், எண்பது தொண்ணூறு வயதில், நம்மோடு இருக்கிறார்கள். ‘கக்கூஸ்’ போல அவர்களே பேசட்டும். கைபேசி போதும், பதிவு செய்யுங்கள். தேதி கேட்டு நச்சரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், மரவள்ளிக்கிழங்கு எத்தனை வேளை, அம்மா தனியாக எப்படிப் பால்மரம் வெட்டினார் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தார்) என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். வெளியிடும் முன் அவர்களிடமே போட்டுக் காட்டி, சரி என்றால் மட்டும் போடுங்கள்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை, நிபோங் திபால் பக்கம் அப்படிப்பட்ட பெரியவர்களைத் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நானும் வருகிறேன்.