அம்மாவோட வேண்டுதல், மாதாவோட கருணை - வேளாங்கண்ணி நடைபயணம்

இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போனது அம்மாவோட வேண்டுதலுக்காக. அப்பா போனதுக்கு அப்புறம் பம்புசெட் தண்ணி முறைல ஆரம்பிச்ச தகராறு, பெரியண்ணனும் சின்னண்ணனும் பேச்சையே விட்டுட்டாங்க. ஒரே தெரு, ஒரே பங்குக் கோயில், ஆனா பூசைல ஃபாதர் சமாதானம் தெரிவிச்சுக்குங்கன்னு சொன்னா ஒருத்தர் வலது பக்கமும் ஒருத்தர் இடது பக்கமும் திரும்பிக் கும்பிடுவாங்க, அதப் பாத்து அம்மா முக்காட்டுக்குள்ளயே அழும். காணிக்கை வைக்க வர்றப்ப சகோதரனோட மனத்தாங்கல் ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கயே வச்சுட்டுப் போய் மொதல்ல அவனோட ஒப்புரவாகுன்னு ஆண்டவர் சொன்னது மத்தேயு 5ல இருக்குல்ல, அத நெனச்சுத்தான் அம்மா மாதாட்ட வேண்டிக்கிச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வந்து பக்கத்துல பக்கத்துல உக்காந்து முடி இறக்கணும்னு. அம்மா சொல்ல ரெண்டு பேராலயும் தட்ட முடியல.

காவி உடுத்தி தஞ்சாவூர்லேர்ந்து கிளம்பினோம், நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர்னு ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடை. பெரியண்ணன் கூட்டத்துக்கு முன்னால, சின்னண்ணன் கடைசில. கொரடாச்சேரி கிட்ட நெத்தி நெறைய விபூதியோட ஒரு பெரியவர் வீட்டு ஆளுங்களோட நின்னு எல்லாருக்கும் நீர்மோர் ஊத்துனார், நடக்க முடியாத பையன்கிட்ட மாதா தன் கொழந்தைக்கு மோர் கேட்டு வாங்குன ஊருக்குப் போறோம், வழியில மோர் கெடைக்குது, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. திருவாரூர்ல டீக்கடை பாய் காசு வாங்கவே மாட்டேன்னுட்டார், "எங்க வீட்டுக்கும் சேத்து வேண்டிக்கம்மா"ன்னார். முன்னப்பின்ன தெரியாதவங்க இப்படி இருக்காங்களே மாதாவே, எங்க வீட்டுக்குள்ள ஏன் இப்படின்னு கேட்டுக்கிட்டே நடந்தேன்.

கீவளூர் தாண்டி பெரியண்ணனுக்கு கொப்புளம் ஒடஞ்சு ரோட்டோரமா உக்காந்துட்டார். சின்னண்ணன் பின்னாலேர்ந்து வந்தார், ஒண்ணும் பேசல, அவர் பைய எடுத்து தன் தோள்ல மாட்டிக்கிட்டு அவர் எந்திரிக்கிற வரைக்கும் அங்கயே நின்னார்.

வேளாங்கண்ணில கூட்டம்னா கூட்டம், கொடியேறினதுலேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் அப்படித்தான். லாட்ஜ் புரோக்கருங்க தொல்லை தாங்கல, கால் வலியோட வர்றவங்கள கையப் புடிச்சு இழுக்கறாங்க, ரூம் வாடகை வாய்க்கு வந்தபடி, மெழுகுவத்தி வாங்குனாத்தான் வழி விடுவேன்ங்கற மாதிரி மறிக்கிறாங்க. நேர்ந்துக்கிட்டு வர்றவங்கள இப்படிப் பண்றது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, யாராச்சும் இத கவனிக்கணும்.

சாயங்கால பூசைல மூச்சு விடக்கூட எடமில்ல. நெரிசல்ல தள்ளித் தள்ளி அண்ணனுங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா வந்து மாட்டிக்கிட்டாங்க. ஃபாதர் சமாதானம் சொல்லச் சொன்னார். திரும்பலாம்னா வலப்பக்கம் மும்பைலேர்ந்து வந்த குடும்பம், இடப்பக்கம் தொட்டில் கட்ட வந்த பொண்ணு கைக்கொழந்தையோட, எங்கயும் திரும்ப முடியாது. பெரியண்ணன் தலை குனிஞ்சு நின்னார், கொஞ்ச நேரம், எனக்கு அது ரொம்ப நேரமாத் தெரிஞ்சுது. அப்புறம் ரெண்டு கையும் கூப்பி "சமாதானம்"னார், கொரலே வரல. சின்னண்ணன் பதிலுக்கு கும்பிடல, அந்தக் கூப்புன கைய அப்படியே தன் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டார். நற்கருணை குடுக்கற வரைக்கும் விடல. அம்மா மாதா சுரூபத்தப் பாத்து தாயே தாயேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, நான் என்ன ஜெபம் சொன்னேன்னே தெரியல, அழுகதான் வந்துச்சு.

மறுநாள் காலைல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மொட்டை போட்டு, கடல்ல முழுகிட்டு, சந்தனம் பூசிக்கிட்டு வந்தாங்க. "கால் எப்படி இருக்கு"ன்னு சின்னண்ணன் கேட்டார். இப்ப தண்ணி முறைய ரெண்டு பேரும் போன்லயே பேசிக்கிறாங்க, அடுத்த வருஷம் அண்ணிங்க ரெண்டு பேரும் நடக்கறேன்னு சொல்லியிருக்காங்க. கொரடாச்சேரி அய்யா குடும்பத்துக்கும் திருவாரூர் பாய் வீட்டுக்கும் சொன்னபடியே மெழுகுவத்தி ஏத்திட்டேன். தாயே ஆரோக்கிய மாதாவே, உமக்கு கோடி நன்றி. மரியே வாழ்க!