பெய்ஜிங் 2027: டிக்கெட் வாங்குமுன் ஓடுதளத்தை வரைந்து பாருங்கள்

உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டி 2027 செப்டம்பர் 11 முதல் 19 வரை பெய்ஜிங்கில் நடக்கிறது. 2008 ஒலிம்பிக்கும் 2015 உலகப் போட்டியும் நடந்த அதே ‘பறவைக்கூடு’ அரங்கம்தான். சிங்கப்பூர் சாங்கியிலிருந்து விமானத்தில் சுமார் ஆறு மணி நேரப் பயணம். நேர வித்தியாசமும் கிடையாது. போகலாமா என்று யோசிக்கிறவர்கள் விமானத்தையும் ஹோட்டலையும் வாரக்கணக்கில் அலசுகிறார்கள். டிக்கெட் என்று வந்ததும் விலையை மட்டும் பார்த்து ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் எந்த அமர்வு என்று முடிவு செய்யுங்கள். இந்தப் போட்டிகளில் காலைக்கும் மாலைக்கும் தனித்தனி டிக்கெட். இறுதிச் சுற்றுகளில் பெரும்பாலானவை மாலையில் வருவதால் கூட்டம் அங்கேதான் மொய்க்கும். ஆனால் நம்மூர் ஓட்டக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதற்சுற்று அமர்வுகளைத் தேடிப்பிடிக்க வேண்டும். 2023 உலகப் போட்டியில், புடாபெஸ்ட்டில், சிங்கப்பூரின் சாந்தி பெரேரா 200 மீட்டரை 22.57 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தது முதற்சுற்றில்தான். இறுதிச் சுற்று நாளுக்கு மட்டும் டிக்கெட் வைத்திருந்தவர்கள் அதைக் கைப்பேசியில்தான் பார்த்திருப்பார்கள்.

ஈட்டி எறிதலிலும் இதே சிக்கல். தகுதிச்சுற்று ஒரு நாள், இறுதிச் சுற்று இன்னொரு நாள். தகுதிச்சுற்றிலும் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பிரிவுகள், ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. 2025 தோக்கியோ உலகப் போட்டியில் நேரடித் தகுதித் தூரம் 84.50 மீட்டர். நீரஜ் சோப்ரா முதல் வீச்சிலேயே 84.85 எறிந்தார், அத்தோடு அவர் வேலை முடிந்தது. இடைவேளையில் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தால் போச்சு. உங்களுக்குப் பிடித்தவர் எந்தப் பிரிவில் வருகிறார் என்று தொடக்கப் பட்டியலைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பிரிவு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

இனி இருக்கை. ஒரு தாளில் ஓடுதளத்தை வரைந்துகொள்ளுங்கள். முடிவுக்கோடு நேர்தடத்தின் கடைசியில் இருக்கிறது. அதைத் தாண்டி முதல் வளைவு, பின் நேர்தடம், இரண்டாம் வளைவு, மறுபடி முடிவுக்கோடு. 100 மீட்டர் ஓட்டம் தொடங்குவது இரண்டாம் வளைவு முடிகிற மூலையில். 200 மீட்டர் அதே வளைவு ஆரம்பிக்கும் இடத்தில். 1,500 மீட்டர் பின் நேர்தடத்தின் தொடக்கத்தில். இதை வரைந்து பார்த்தாலே ‘மலிவு’ என்று ஒதுக்கப்படும் இருக்கைகளில் எது உண்மையிலேயே மட்டம், எது கொள்ளை லாபம் என்பது விளங்கிவிடும்.

என் கணக்கில் பணத்துக்கு மதிப்புள்ள இடம் இரண்டாம் வளைவு. 4x100 அஞ்சலோட்டத்தில் கோல் மூன்று முறை கைமாறுகிறது. இரண்டாவது மாற்றம் இந்த வளைவின் ஒரு முனையில், மூன்றாவது மறுமுனையில். ஒவ்வொரு மாற்றத்தையும் 30 மீட்டர் எல்லைக்குள் முடிக்க வேண்டும். கோல் தவறி விழுவதும், ஓடி வருகிறவர் கைக்கு எட்டாமல் அடுத்தவர் முந்திக்கொண்டு கிளம்பிவிடுவதும் உங்கள் கண்ணெதிரே நடக்கும். 200 மீட்டர் தொடக்கமும் பக்கத்திலேயே. ஆனால் 100 மீட்டருக்கு இந்த இடம் சரிப்படாது. எட்டுப் பேரின் முதுகு தெரியும், யார் முன்னால் போகிறார் என்பது கடைசிவரை தெரியாது.

100 மீட்டர்தான் உங்கள் குறி என்றால் நேர்தடத்தின் 60 முதல் 80 மீட்டர் குறிக்கு நேராக, இருபதாவது வரிசைக்கு மேலே பாருங்கள். முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே விலை எகிறும், அங்கே உட்கார்ந்தவர்களும் நூலிழை வித்தியாசத்தில் முடிந்தால் பெரிய திரையைத்தான் பார்ப்பார்கள். முதல் வரிசைகளை வாங்கவே வாங்காதீர்கள். பார்வையாளர் பக்கம் இருப்பது வெளித்தடங்கள். ஏழாம் எட்டாம் தடத்தில் ஓடுகிறவர்கள் உள்தடக்காரர்களை மறைப்பார்கள், போதாக்குறைக்குக் கேமராக்காரர்களும் அதிகாரிகளும் குறுக்கே நிற்பார்கள். ஒரே விதிவிலக்கு, முடிவுக்கோட்டைத் தாண்டிய முதல் வளைவின் தொடக்கம். வென்றவர்கள் வேகம் தணிந்து, கொடியைப் போர்த்திக்கொண்டு நிற்கும் இடம் அதுதான். புகைப்படப் பைத்தியங்களுக்கு அங்கே தாழ்ந்த வரிசை நல்லது.

திடல் போட்டிகளுக்குக் கணக்கு வேறு. நீளம் தாண்டுதலில் மிதிபலகையை விட மணல்குழிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால்தான் தூரம் புரியும். ஆண்கள் கோலூன்றித் தாண்டுதலில் குறுக்குக் கம்பி ஆறு மீட்டர் உயரம்வரை போகும். கீழ்த்தட்டின் மேல் வரிசைகளிலிருந்து பார்த்தால் கண் மட்டத்துக்குக் கிட்டே வரும். வட்டு, சங்கிலிக் குண்டு எறியும் கூண்டுக்குப் பின்னால் தாழ்வான இருக்கை வேண்டாம், போட்டி முழுவதும் வலை வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். குழியும் கூண்டும் எந்தப் பக்கம் வரும் என்பது டிக்கெட் விற்கும் நேரத்தில் பெரும்பாலும் தெரியாது. 2015 பெய்ஜிங் போட்டியின் காணொளிகளைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். இடம் மாறவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று, வெயில். முடிவுக்கோட்டுப் பக்கத்து அரங்கு பொதுவாக மேற்கில் இருக்கும், மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இருட்டும்வரை கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தொப்பி அவசியம். இரவில் பெய்ஜிங் செப்டம்பர் நம் தோலுக்குச் சில்லென்று இருக்கும், ஒரு மெல்லிய ஜாக்கெட் வையுங்கள். தொலைநோக்கி எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள்வரை சீன விசா தேவையில்லை, 2024 பிப்ரவரி 9 முதல் இந்த ஏற்பாடு. ஆனால் நம் வீடுகளில் ஒருவர் சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழ், இன்னொருவர் இந்தியக் கடப்பிதழோடு சிங்கப்பூர் நிரந்தரவாசி என்பது சகஜம். நிரந்தரவாசத் தகுதி விசாவுக்கு உதவாது. அவருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட்டில் பெயர் கேட்டால் கடப்பிதழில் உள்ளபடியே, தந்தை பெயர் உட்பட, எழுத்துப் பிசகாமல் போடுங்கள். தமிழர் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் நுழைவாயிலில்தான் வெடிக்கும். அசல் கடப்பிதழையும் அரங்குக்கு எடுத்துப் போங்கள்.

கைப்பேசி விஷயம்: ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் வராது. சிங்கப்பூர் எண்ணின் ரோமிங் தரவில் பொதுவாக வரும். சீனாவில் பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் வங்கி அட்டையை இங்கேயே இணைத்து வைத்துவிடுங்கள், அங்கே போய் சரிபார்ப்புக் குறுஞ்செய்திக்குக் காத்திருப்பது தலைவலி. மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் பையை ஸ்கேன் செய்வார்கள், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். அரங்குக்கு மெட்ரோவின் 8ஆம் தடம் போகிறது. ஹோட்டலையும் அந்தத் தடத்தை ஒட்டியே பிடித்தால் இரவில் தடம் மாறி அலைய வேண்டாம்.

இரவு என்றதும் கோலூன்றித் தாண்டுதல்தான் நினைவுக்கு வரும். அட்டவணையில் போட்ட நேரத்துக்கு அது முடியாது. தோக்கியோவில் சுவீடனின் டுப்ளான்டிஸ் தங்கத்தை உறுதி செய்த பிறகும் 6.30 மீட்டருக்கு மூன்று முறை முயன்றார், மூன்றாவதில்தான் உலக சாதனை விழுந்தது. ரயிலைப் பிடிக்க முன்கூட்டியே எழுந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த இரவுக்கு மட்டும் டாக்சிக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.