ஜூன் மாதம் நிறுத்திய இஎஸ்ஐ

வியாழக்கிழமை கோயம்புத்தூரில் எனக்கு இன்டர்வியூ. பேரோல் எக்ஸிகியூட்டிவ், அதாவது சம்பளப் பட்டியல் போடும் வேலை. மகள் பிறந்ததும், 2021இல், திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டேன். நாலு வருஷமாகச் சம்பளப் பட்டியலைத் தொடவில்லை. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் திரும்பவும் இதற்கே போகிறேன்.

முதல் இரண்டு நாள் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தேன். வருங்கால வைப்பு நிதியான பிஎஃப் 12 சதவீதம், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ தொழிலாளிக்கு 0.75, முதலாளிக்கு 3.25. மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டை எடுத்து, பிடித்தம் வரும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளம் 18,000. பிஎஃப் 2,160 என்று எழுதினேன். கையை எடுத்தால் 1,800 இருந்தது. அவர் கம்பெனி பிஎஃபுக்கான 15,000 சம்பள உச்சவரம்புக்கு மட்டும் கட்டுகிறது. சரி, முதலாளி கட்டும் 1,800 எங்கே போகிறது? 1,250 ஓய்வூதியத்துக்கு, மீதி 550 பிஎஃபுக்கு. முழு 18,000க்கும் கட்டும் கம்பெனியாக இருந்தாலும் ஓய்வூதியத்தை 15,000க்குத்தான் கணக்கிடுவதால் அதே 1,250தான், மீதி 910. இதைக் கையால் போட்ட பிறகுதான் முதலாளியின் 12 சதவீதத்தில் ஓய்வூதியத்துக்கு 8.33, பிஎஃபுக்கு 3.67 என்பதெல்லாம் மண்டையில் உட்கார்ந்தன.

வீட்டுக்காரர் 2012இலேயே பிஎஃபில் சேர்ந்தவர், அதனால் அவருக்கு ஓய்வூதியப் பங்கு உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாகச் சேரும்போதே 15,000க்கு மேல் வாங்குபவருக்கு ஓய்வூதியப் பங்கு கிடையாது, முதலாளி கட்டுவது முழுக்க பிஎஃபுக்கே போகும். புதிதாக ஒருவர் சேரும்போது இதைப் பார்க்காமல் விட்டால் பின்னால் திருத்துவது பெரிய பாடு.

சம்பளமில்லாத விடுப்புக் கணக்கை நிச்சயம் கேட்பார்கள். 20,800 சம்பளத்தை 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 800, முப்பதால் வகுத்தால் 693 சொச்சம். உங்கள் கம்பெனியில் எந்த வழக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லப் போகிறேன். அவர்களுக்குப் பெங்களூரிலும் கிளை இருக்கிறது. தொழில் வரி நம் ஊரில் அரையாண்டுக்கு ஒருமுறை, அங்கே மாதாமாதம். அதையும் குறித்துக்கொண்டேன். வருமான வரியில்தான் நிறைய மாறியிருக்கிறது. நான் விட்டபோது பழைய முறைதான் இயல்பானது. இப்போது ஊழியர் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறை, வரி கணக்கிடும் முன் சம்பளத்தில் கழிக்கும் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000.

அப்புறம், "உங்கள் வேலையில் நடந்த ஒரு தவறு சொல்லுங்கள்" என்பார்கள். எனக்கு ஒன்று இருக்கிறது. டெய்லர் ஒருவருக்கு ஜூன் மாதம் சம்பளம் 20,400இலிருந்து 21,600 ஆனது. இஎஸ்ஐக்கான மாதச் சம்பள வரம்பு 21,000. தாண்டிவிட்டதே என்று அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிட்டேன். ஏப்ரலில் வரம்புக்குள் இருந்தவருக்கு நடுவில் சம்பளம் கூடினாலும் செப்டம்பர் வரை கட்டியாக வேண்டும், அதுவும் முழு 21,600க்கும். அது எனக்கு அப்போது தெரியாது. அக்டோபரில் பட்டியலைச் சரிபார்த்த சீனியர் அக்காதான் கண்டுபிடித்தார்.

மாதம் 162 தொழிலாளி பங்கு, 702 முதலாளி பங்கு. நாலு மாதத்துக்கு 3,456, அதோடு வட்டி. விட்டுப்போன தொழிலாளி பங்கை அடுத்த சம்பளத்தில் பிடிக்கலாமா என்று கேட்டேன். "கூடாது கண்ணு, அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காவிட்டால் அது முதலாளி தலையில்தான்" என்றார். பணம் கம்பெனி கட்டியது. ஆனால் அந்த நாலு மாதத்தில் அந்த அண்ணன் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்? அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அடுத்த மாதத்திலிருந்து 19,000க்கு மேல் வாங்குபவர்களுக்குத் தனித் தாள் போட்டு, இஎஸ்ஐயின் அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெயர் பெயராகப் பார்த்தேன்.

இதை மறைக்காமல் சொல்லலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அந்தத் தாளையும் சேர்த்துச் சொல்லு" என்றார். இன்று சாயங்காலம் அதே மாதிரி ஒரு தாளைக் கற்பனைப் பெயர்களோடு புதிதாக எழுதி, ஃபைலில் சான்றிதழ்களுக்கு மேலே வைத்திருக்கிறேன்.