வஞ்சிரம் அக்கா படமும் டீக்கடைத் தீர்ப்புகளும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், மீன் வாங்க வருகிற கூட்டத்துக்குப் போட்டியாக கேமரா மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். ஐஸ் தண்ணீரில் சறுக்கி, கூடைக்காரரிடம் "ஓரம் போப்பா" என்று திட்டு வாங்கி, எட்டரை மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும் மொத்தப் பேரும் டீக்கடைக்கு ஒதுங்குவார்கள். அன்றைக்கு இரண்டாவது ஏலம் அங்கே ஆரம்பம்: எடுத்த படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பது. முதல் ஏலத்திலாவது மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்வார்கள்.

காட்சி இதுதான். புதுசாக 85 எம்எம் லென்ஸ் வாங்கிய தம்பி ஒருவர் கேமராவை நீட்டுகிறார். திரையில் ஒரு மீன்கார அக்கா, கையில் வஞ்சிரம், வாய் நிறையச் சிரிப்பு. விடிவதற்கு முன்னால் ஏலக் கொட்டகையில் எடுத்தது. கேமரா கை மாறுகிறது. ஒரு கையில் வடை, இன்னொரு கையில் கேமரா, வெயில் படாமல் திரையை மறைக்க மூன்றாவது கை கிடையாது. இந்த நிலைமையில் தீர்ப்புகள் வருகின்றன.

"செம தல, வேற லெவல்." இவர் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிற வழியில் சொன்னது.

"என்ன பாடி? ஃபுல் ஃபிரேமா? அதான பார்த்தேன்." பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா, ஃபுல் ஃபிரேம் என்றால் பெரிய சென்சார் உள்ளது. சிரித்தது அக்கா, எடுத்தது தம்பி, பேர் மட்டும் கேமரா கம்பெனிக்கு.

"ரூல் ஆஃப் தேர்ட்ஸ் வரலியேப்பா." படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டுகிற இடத்தில் முக்கியமானதை வைக்கச் சொல்கிற இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு.

"நானா இருந்தா பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டிருப்பேன்." போடலாம், தாராளமாக. அது அவர் படம்.

கடைசியாக, எல்லாருக்கும் மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீண்ட நேரம் பார்த்து, "ஏதோ ஒண்ணு குறையுது தம்பி" என்பார். என்ன குறைகிறது என்று கேட்டால் "அது உனக்கே போகப் போகப் புரியும்." தம்பிக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

இவை எதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அடுத்த ஞாயிறு அதே தம்பி அதே கொட்டகையில் நின்றால், இதில் எதை வைத்து எந்தப் பித்தானைத் திருப்புவார்? 1855-இல் மெட்ராஸில் நடந்த கண்காட்சியில் லினேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் 68 கோயில் படங்களை வைத்தபோது, காகிதத்தில் அச்சான காட்சித் தொகுப்புகளிலேயே இதுதான் சிறந்தது என்று நடுவர்கள் சொன்னார்கள். அது பாராட்டுதான், ஆனாலும் எந்த வகையில் சிறந்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. நம் டீக்கடையில் அதுகூட இல்லை.

சரி, அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். லென்ஸ் 85 எம்எம், அதன் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப்1.8, எண் சிறிசானால் திறப்பு பெரிசு. ஷட்டர் திறந்திருந்தது 1/60 நொடி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100. முதல் பார்வையிலேயே முகம் கலங்கலாக இருக்கிறது. உடனே ஒருவர், "ஷேக் ஆயிருக்கு, ட்ரைபாட் வாங்கிடு" என்பார். தம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்து ட்ரைபாடு வாங்கி, மீன் கூடைகளுக்கு நடுவில் அதை விரித்து, நாலு பேரைத் தடுக்கி விழவைத்து, அதே கலங்கல் முகப் படத்தோடு வந்து நிற்பார். நோய் ஒன்று, மருந்து வேறு.

படம் தெளிவில்லாமல் போவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படம் முழுக்க, ஓரத்தில் இருக்கிற கயிறு வரைக்கும், ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் பத்தவில்லை. இழுவையே இல்லாமல் முகம் மட்டும் மெழுகு மாதிரி இருந்து, முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூர்மையாகத் தெரிந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது.

அக்கா படத்தில் வஞ்சிரத்தின் கண் கத்தி மாதிரி இருக்கிறது. மேல்தோலில் இருக்கிற கோடுகளை எண்ணலாம். அக்காவின் கண் கலங்கல். ஆக, ஃபோகஸ் மீனுக்குப் போய்விட்டது. கேமராவைத் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைத்தான் அது பிடிக்கும். இன்னொரு பக்கம், அக்காவின் இடது கை மட்டும் இழுபட்டிருக்கிறது. விலை சொல்லும்போது கை சும்மா இருக்காதே. அது 1/60-இன் வேலை. ஒரே படத்தில் இரண்டு குற்றவாளிகள். ட்ரைபாடு இரண்டையும் பிடிக்காது.

இப்போது கணக்குப் பார்க்கலாம். 85 எம்எம் லென்ஸில் எஃப்1.8 வைத்து, ஃபுல் ஃபிரேமில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால் முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டருக்குள்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண்ணே தப்புமா என்பது சந்தேகம். முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நீட்டிய மீனில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். எஃப்4-க்குப் போனால் ஆழம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். முகத்துக்குப் போதும், மீனையும் சேர்த்து அடங்காது. அதனால்தான் விமர்சனம் சொல்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "உனக்கு எது முக்கியம் தம்பி, மீனா, அக்காவா?"

தம்பி "சிரிப்பு" என்றால் பதில் தயார். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வை, கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கிற வசதி இருந்தால் அதைப் போடு. எஃப்4, 1/250. வெளிச்சம் நாலு ஸ்டாப்புக்கு மேல் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அதை ஐஎஸ்ஓ 2000 ஈடுகட்டும். இங்கே தம்பி பதறுவார். "நாய்ஸ் வருமே!" ஐஎஸ்ஓ 100-ஐத் தாண்டினால் பாவம் என்று எவரோ காதில் ஓதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் மணல்மணலாகத் தெரிகிற தெளிவான முகத்தை யாரும் குறை சொல்வதில்லை. பளபளவென்று இருக்கிற கலங்கல் முகத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

அடுத்தது பின்னணி. மூத்தவருக்கு "ஏதோ குறைவாக" தெரிந்ததன் உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம், உண்மையில் அங்கே ஒன்று அதிகமாக இருக்கிறது. அக்காவின் உச்சந்தலையிலிருந்து ஒரு லைட் கம்பம் முளைத்து, அதன் நுனியில் எல்இடி விளக்கு எரிகிறது. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், விவரமெல்லாம் மங்கி வெளிச்சத் திட்டுகள் மட்டும் நிற்கும். அதில் அதிகம் பளிச்சிடுகிற திட்டு முகமாக இல்லாமல் விளக்காக இருந்தால் பார்க்கிறவர் பார்வையும் அங்கேதான் போகும். கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும். முகம் முகமாகத் தெரியாதபோது கம்பம் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும்.

இதை எப்படிச் சொல்வது? "பேக்ரவுண்ட் டிஸ்டர்ப் பண்ணுது" என்றால் தம்பி அடுத்த முறை பின்னணியே வேண்டாமென்று எஃப்1.4 லென்ஸ் வாங்கக் கிளம்பிவிடுவார். "தலைக்கு மேல கம்பம் நிக்குது, அரை அடி வலது பக்கம் நகர்ந்திருந்தா கொட்டகைத் தூண் அதை மறைச்சிருக்கும்" என்று சொன்னால் செலவு அரை அடி.

படத்தின் ஓரத்தை வெட்டுகிற கிராப் பற்றி வாயால் சண்டை போடுவது நேர விரயம். வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் மேலோ லேப்டாப் திரை மேலோ அந்த இரண்டையும் எதிரெதிராக வைத்து நகர்த்தினால் சட்டம் சின்னதாகும், பெரிதாகும். எந்த இடத்தில் நிறுத்தினால் படம் உட்காருகிறது என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். வெட்டும்போது மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் வெட்டாமல் இருந்தால் சரி. மூட்டில் வெட்டிய கை, கழன்று விழுந்த மாதிரி இருக்கும்.

சொல்லுகிற குறைகளை மனசுக்குள்ளேயே பிரித்துக்கொள்வது நல்லது. இப்போதே சரி செய்யக்கூடியவை சில: சாய்ந்த அடிவானம், கிராப், கொஞ்சம் வெளிச்சம், ட்யூப்லைட்டின் பச்சை. அடுத்த முறை களத்தில்தான் சரியாகும் என்பவை சில: ஃபோகஸ், ஷட்டர், நின்ற இடம். மூன்றாவது வகையைச் சொல்லவே கூடாது. "சூரியன் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இருந்திருக்கலாம்" என்பது அந்த வகை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் "அடுத்த வாரம் போய் திரும்ப எடு" என்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், பெரிய வஞ்சிரத்துக்கு எங்கே போவார்?

கம்பத்தை அழித்துவிடலாமே என்றும் ஒருவர் கேட்பார். வீட்டுச் சுவரில் மாட்டத் தாராளமாக அழிக்கலாம். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் பிரிவைப் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ. எனும் அமெரிக்கப் புகைப்படச் சங்கத்தின் விதிப்படி நடக்கும் சலோன்களில், அதாவது புகைப்படப் போட்டிகளில், நேச்சர், போட்டோ டிராவல், போட்டோ ஜர்னலிசம் ஆகிய பிரிவுகளில் படத்தில் இருக்கிற ஒன்றை நீக்கவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது, கிராப் செய்யலாம். நல்ல எண்ணத்தில் "அழிச்சிடு" என்று சொன்னவர், படம் தள்ளுபடியானால் கூட வர மாட்டார்.

சொல்லும் முறைக்குப் பெரிய பயிற்சி வேண்டாம். வடையைக் கீழே வையுங்கள். இருபது வினாடி பேசாமல் படத்தைப் பாருங்கள். கண் முதலில் எங்கே போனது என்பதைச் சொல்லுங்கள், அது தீர்ப்பு இல்லை, தகவல். நன்றாக வந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: "சிரிப்பு உச்சிக்குப் போன நொடியில அமுக்கியிருக்கே, அது கரெக்ட்." இதைச் சொல்லாவிட்டால் அடுத்த முறை அதையும் மாற்றிவிடுவார். பிறகு அதிகபட்சம் இரண்டு குறை. ஒன்பது குறையை அடுக்கினால் தம்பிக்கு ஒன்பதாவது மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அது பெரும்பாலும் படத்தின் மூலையில் நின்ற காக்காவைப் பற்றியதாக இருக்கும்.

வாங்கிக்கொள்கிறவர் பக்கமும் கூத்து குறைவில்லை. படத்தை நீட்டும்போதே "லைட் சரியில்ல, பின்னாடி ஆள் இடிச்சிட்டான், அவசரத்துல எடுத்தது" என்று முன்ஜாமீன் வாங்கிவிடுவார்கள். படத்தோடு கூடவே எடுத்தவரையும் சட்டம் போட்டு மாட்ட முடியாது. பார்க்கிறவருக்கு அந்த இடி தெரியப்போவதில்லை. பேசாமல் கேட்டு, போனில் குறித்துக்கொண்டு, "எஃப் எவ்வளவு வெச்சிருக்கணும்?" என்று ஒரு துணைக்கேள்வி போட்டால் அதிகம் கிடைக்கும். "நல்லாருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும், நம் ஊர் மரியாதை அப்படி. "முகம் போதுமான அளவு ஷார்ப்பா இருக்கா?", "இடது பக்கக் கூடை தேவையா?" என்று கேட்டுப் பாருங்கள். மரியாதைக்காரர்கள்கூட உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணமாக அனுப்பினால் படம் வெகுவாகச் சுருங்கி, ஷட்டர், அப்பர்ச்சர் விவரமும் போய்விடும். அதைப் பார்த்து ஒருவர் "ஷார்ப் இல்லை" என்றால் அவர் குறை சொல்வது யாரை என்றே தெரியாது. டாக்குமெண்டாக அனுப்புங்கள். திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருப்பவருக்கு எல்லாப் படமும் வெளிறித்தான் தெரியும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பெரியவர்கள் நேரெதிராகச் சொன்னால்? கறுப்பு வெள்ளையா, கலரா என்பது ருசி. மீன் ஷார்ப், முகம் அவுட் என்பது பிழை. ருசி என்றால் இரண்டையும் செய்து பார்த்து ஒரு நாள் கழித்துத் திறந்து முடிவு செய்யலாம். பிழையைத் தனித்தனியாக மூன்று பேர் ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டினால், விவாதத்தை நிறுத்திவிட்டு அடுத்த ஞாயிறுக்கு அலாரம் வைப்பது உத்தமம்.

இவ்வளவு பேரைக் கேட்பவர்கள், படத்தில் இருக்கிற ஆளிடம் கேட்பதில்லை. படத்தை பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொடுத்தால் தெரியும். ஃபோகஸ் பற்றியோ கம்பம் பற்றியோ ஒரு வார்த்தை வராது. "இன்னா தம்பி, நாலு கிலோ மீனு, அரைக் கிலோ மாரி காட்டியிருக்கே! இத்த பாத்தா எவன் வாங்குவான்?"

அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே நேராகக் கை வைத்துச் செய்யக்கூடியது இதுதான். 85-ஐக் கழற்றிவிட்டு, அகலமாகப் பிடிக்கிற 24 எம்எம் லென்ஸ் போடுங்கள். அக்காவை மீனைக் கை நீட்டி லென்ஸ் பக்கம் கொண்டுவரச் சொல்லி, மீன் முக்கால் மீட்டரிலும் முகம் ஒண்ணேகால் மீட்டரிலும் இருக்கிற மாதிரி நில்லுங்கள். எஃப்8 வைத்து ஒரு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டரிலிருந்து 1.7 மீட்டர் வரை தெளிவாக விழும். மீனும் ஷார்ப், சிரிப்பும் ஷார்ப். வஞ்சிரம் அக்காவின் முகத்தைவிடப் பெரிதாக நிற்கும். டீக்கடையில் "டிஸ்டார்ஷன் ஜாஸ்தி", அதாவது உருவம் கோணிப் போச்சு, என்பார்கள். அக்கா இரண்டு பிரிண்ட் கேட்பார்.