செவில் மார்மலேட்: பதம் பார்ப்பதில்தான் எல்லாம்

ஜனவரியின் முதல் ஈடு மார்மலேட், அதாவது ஆரஞ்சைத் தோலோடு சீனி போட்டுக் காய்ச்சும் ஜாம், உறைந்துவிட்டது. பாட்டிலைச் சாய்த்தால் சோம்பலாக அசைகிறதே தவிர ஓடவில்லை, தோல் துண்டுகளும் மேலே போய்க் கூட்டம் போடாமல் அடியிலிருந்து கழுத்துவரை சமமாக நிற்கின்றன. பெருமை அடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் இதற்கான செவில் ஆரஞ்சு, அதாவது கசப்பு ஆரஞ்சு, கிடைப்பது கிறிஸ்துமஸ் முடிந்து பிப்ரவரி பாதி வரைதான். சூப்பர் மார்க்கெட்டில் வந்த வேகத்தில் காணாமல் போய்விடும், வந்தாலும் வலைப்பையில் அடிப்பழம் நசுங்கியிருக்கும். நான் வாங்குவது சந்தையில் ஒரு காய்கறிக்காரரிடம், அவர் தனித்தனியாகப் பொறுக்கிக்கொள்ள விடுவார். பார்க்க லட்சணமாக இருக்காது: சொரசொரத் தோல், உள்ளே சாற்றைவிட விதை அதிகம், உரித்துத் தின்றால் முகம் கோணும். அந்த விதைக்கும் வெள்ளைத் தோலுக்கும்தான் காசு கொடுக்கிறோம், ஜாமை உறைய வைக்கும் பெக்டின் முழுக்க அங்கேதான் இருக்கிறது. இனிப்பு ஆரஞ்சில் போட்டுவிட்டுக் கசப்பே வரவில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள், எப்படி வரும்?

அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு கிலோ பழத்துக்கு 2 கிலோ சீனி, இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சை. நான் எப்போதும் இதில் பாதிதான் போடுவேன், காரணம் பின்னால் வருகிறது. தோலை நறுக்கி, விதையையும் சக்கையையும் மஸ்லின் துணியில் முடிந்து, ராத்திரி முழுக்க ஊற வைத்து, மறுநாள் இரண்டு மணி நேரம் சின்னத் தீயில் வேக வைத்தாயிற்று. தோல் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும். அதற்கு முன் சீனியைக் கொட்டினால் தோல் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் மெல்ல வேண்டியதுதான். துணி முடிச்சை ஆறவிட்டு நன்றாகப் பிழிய வேண்டும். கொழகொழவென்று, கலங்கலாக ஒரு திரவம் இறங்கும். அதை வேண்டாம் என்று விடுபவர்கள்தான் பிறகு கடையில் பெக்டின் பாக்கெட் தேடுகிறார்கள்.

இனி பதம். திருநெல்வேலியில் அதிரசப் பாகு பார்த்து வளர்ந்த கைக்கு இங்கேதான் சிக்கல். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது, விரலில் தொட்டுக் கம்பி இழுப்பது எல்லாம் வெறும் சீனிப் பாகுக்குச் சரி. மார்மலேட் உறைவது பெக்டினால், அதுவும் ஆறிய பிறகுதான். சூடாக இருக்கும்போது தளர்வாகவேதான் இருக்கும். அடுப்பில் இருக்கும்போதே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால், மறுநாள் பாட்டிலில் இருப்பதைக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும்.

புத்தகங்கள் எல்லாம் 104.5 டிகிரி என்று சொல்கின்றன. சரி என்று தெர்மாமீட்டர் வாங்கினால் அது ஒரு தனிக் கதை. என்னிடம் இருப்பது, சாதாரணக் கொதிநீரில் 98 காட்டுகிறது! நூறில் இரண்டு போனால் என்ன என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் நூறுக்கும் பதத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே நாலரை டிகிரிதான், அதில் இரண்டு போனால் கிட்டத்தட்டப் பாதி போயிற்று. விற்றவரிடம் கேட்டதற்கு ‘வீட்டு உபயோகத்துக்கு இது போதும்’ என்று பதில். ஆகவே 104.5 என்ற எண்ணைத் தூக்கிப் போடுங்கள். முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து உங்கள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள், அதோடு நாலரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் இருக்கும் என் சித்தி மகளுக்கும் இதையேதான் சொன்னேன். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கே 97.5 வந்தாலே பதம். 104 வரட்டும் என்று நின்றால் மிட்டாய்தான் கிடைக்கும்.

இந்த முறை நான் நம்பியது தராசை. மார்மலேட் உறைய மொத்த எடையில் அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சீனி இருக்க வேண்டும். போட்ட சீனி எங்கேயும் போகாது, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆக 1 கிலோ சீனி போட்டால் சட்டியில் இருப்பது 1.65 கிலோவுக்கு இறங்கும்போது பதம் வந்திருக்க வேண்டும். காலிச் சட்டியின் எடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, நடுவில் அடுப்பிலிருந்து இறக்கித் தராசில் வைக்க வேண்டியதுதான். அடியில் தடியான மரப்பலகை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் தராசு போய்விடும். முழு அளவு போட்டால் சட்டியோடு சேர்த்து 5 கிலோ தாண்டும், வீட்டுத் தராசு பல்லை இளிக்கும். பாதி அளவுக்குக் காரணம் இதுதான். சீக்கிரம் கொதித்து இறங்குவதால் நிறமும் கருக்காது.

கடைசித் தீர்ப்பு மட்டும் ஃப்ரீசரில் வைத்த தட்டுக்கு. அரைக் கரண்டி விட்டு, ஒரு நிமிடம் விட்டு விரலால் தள்ளினால் மேலே ஆடை சுருங்க வேண்டும். எடை 1.7இல் இருந்தபோது தள்ளினேன், ஒன்றும் இல்லை, விரல் போன வழியெல்லாம் ஒழுகி மூடிக்கொண்டது. 1.65இல் மெல்லிய சுருக்கம், விரலுக்குப் பின்னால் பாதை அப்படியே நின்றது. அதோடு காய்ச்சுவதை நிறுத்திவிட்டேன். தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், அந்த ஒரு நிமிடத்தில் பதம் தாண்டிவிடும். அணைத்ததும் பாட்டிலுக்கு ஓட வேண்டாம், கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு ஒரு கிளறு கிளறி ஊற்றினால் தோல் மிதக்காது.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். “நார்த்தங்காய்க்கு உப்பப் போடாம, எதுக்குட்டி சீனியப் போட்டு வீணாக்குத?” இது செவில் என்று விளக்கியும் பயனில்லை.

ரொட்டியில் தடவுவது இருக்கவே இருக்கிறது. நன்றாகப் புளித்த செடார் சீஸோடு வைத்துச் சுட்டால் இன்னும் நன்று. கோழித் தொடைக்கு இரண்டு கரண்டி மார்மலேட், சோயா சாஸ், தட்டிய பூண்டு, கரகரப்பாக இடித்த மிளகு கலந்து, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பூசி ஓவனில் வைக்கிறேன். முதலிலேயே பூசினால் சீனி கருகும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: நல்லெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்து, கொஞ்சம் கெட்டிப் புளிக்கரைசல், உப்பு, பெரிய கரண்டியில் மார்மலேட் போட்டு இரண்டு கொதி. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கடையில் வாங்கும் மார்மலேட்டில் செய்தால் வெறும் தித்திப்புத்தான் தெரிகிறது.

மீதிப் பழத்தை முழுசாக ஃப்ரீசரில் போட்டிருக்கிறேன். உறைந்த பழத்தில் பெக்டின் கொஞ்சம் குறையும், அதனால் எலுமிச்சையைக் கூட்ட வேண்டும். அடுத்த ஈட்டில் தோலைப் பெரிசாக நறுக்கி, கால் பங்கு கருப்புச் சீனி சேர்க்க எண்ணம். அதற்குள் மனம் நார்த்தங்காய்க்குப் போய்விட்டது, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தடித்த தோல் வேக எவ்வளவு நேரம் பிடிக்கும், முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டுமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் பாட்டில்களுக்கு லேபிள்கூட ஒட்டவில்லை.