சைட் டைரியின் ஓரத்தில் 2016

கட்டுமானத் தளத்தில் சேஃப்டி சூப்பர்வைசர் டைரி எழுதுவது ஆசைக்காக இல்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆபீஸில் முதலில் கேட்பது அதைத்தான். மழை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை ஆள், எந்த மாடியில் கான்கிரீட், வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் என்ன சொன்னோம், அவ்வளவுதான் அதில் இருக்கும். சிங்கப்பூரில் நான் எழுதிய டைரிகளில் 2016இல் மட்டும் ஓரத்தில் பென்சில் கிறுக்கல்கள் நிறைய. எல்லாம் நாட்டுச் செய்தி.

முதல் கிறுக்கல் மார்ச் 22. பாசிர் ரிஸ் ரயில் நிலையம் பக்கம் தண்டவாள வேலைக்குப் போன இரண்டு பையன்கள் ரயில் மோதி இறந்துபோனார்கள். வயது 24, 26. ஜனவரியில்தான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார்கள். வரிசையாகப் போன கூட்டத்தில் சூப்பர்வைசர் முன்னால், அவருக்குப் பின்னால் இவர்கள். முன்னால் போனவர் தப்பித்துவிட்டார். அந்தச் செய்தியில் என்னைக் குடைந்தது இதுதான், ஏனென்றால் எங்கள் தளத்தில் தினமும் முன்னால் நடக்கிற ஆள் நான்.

மறுநாளிலிருந்து மீட்டிங்கில் "புரியுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் எண்பது தலையும் ஆடும். தமிழ் தலை, வங்காளத் தலை, சீனத் தலை எல்லாம் ஒரே மாதிரி ஆடும். பதிலுக்குப் புதுப் பையன் ஒருவனை முன்னால் கூப்பிட்டு, "இப்ப நான் சொன்னத நீ சொல்லு தம்பி" என்றேன். முதல் வாரம் ஒருத்தனும் சரியாகச் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில் வேலையிடச் சாவுகள் கூடியதால், மே மாதத்திலிருந்து பாதுகாப்பு சரியில்லாத தளத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தால் குறைந்தது மூன்று வாரம் என்று மனிதவள அமைச்சு ஆக்கியது. முன்பு இரண்டு வாரம். முதலாளிகளுக்கு அந்த ஒரு வாரம் உறைத்தது. வருஷ முடிவில் கணக்கு 66 பேர். அதற்கு முந்தின வருஷமும் அதே 66.

அப்புறம் ஆகஸ்ட். பதினாறே நாளில் என்னென்னவோ நடந்துவிட்டது. 13ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் ரியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் நீந்தினார். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்று விதி போட்டதே நான்தான், என் போனைச் சுற்றித்தான் பத்துப் பேர் நின்றோம். 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல், 50.39 வினாடி. பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்து வெள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். கிரேன் ஓட்டுகிற அண்ணன் மேலேயிருந்து ரேடியோவில் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

21ஆம் தேதி ராத்திரி பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினக் கூட்டத்தில் பேசும்போதே தடுமாறினார். நாடே டிவி முன்னால் பதறியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்து பேச்சை முடித்தார். மறுநாள் இரவு முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன் காலமானார், வயது 92. 1974இல் லாஜு என்ற படகில் ஆட்களைப் பிணை பிடித்தவர்களோடு, பிணைகள் விடுபடவேண்டும் என்று தானே குவைத்துக்கு விமானம் ஏறிப் போன மனிதர். எங்கள் ஆட்களிடம் நான் சொன்னது அது இல்லை. ஒரு காலத்தில் கப்பல் தொழிலாளிகளின் நலனைப் பார்க்கிற அதிகாரியாக இருந்தவர் என்று மட்டும் சொன்னேன். "அப்ப நம்மாளு" என்றான் ஒருத்தன். வியாழக்கிழமை வேலை முடிந்து நான்கு பேர் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போனோம். சேஃப்டி பூட்ஸில் சிமென்ட் காய்ந்திருந்தது. பளிங்குத் தரையில் வெள்ளைத் தடம் விழுமோ என்று ஒருத்தன் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான், உடல் இருந்த இடத்தைக் கடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மறுநாள் இறுதிச் சடங்கில், பல ஊர் மண்ணைக் குழைத்துப் பொம்மை செய்கிற தமிழ்ப் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். அவருக்குப் பிடித்த பாட்டாம்.

அதற்கும் அடுத்த நாள் ஸிக்கா, கொசு பரப்புகிற, வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பாதிக்கக்கூடிய வைரஸ். ஞாயிற்றுக்கிழமை கணக்குப்படி 41 பேர், அதில் 36 பேர் சிம்ஸ் டிரைவ் பக்கம் ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்கள். சரி, இனி நம் தளம்தான் என்று திங்கட்கிழமை விடியற்காலையே கொசுப்புழு தேட இறங்கினேன். லிஃப்ட் குழியில் இல்லை, வாளிகளில் இல்லை. ஆரஞ்சுப் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றின் மூடி தொலைந்திருந்தது. காற்றில் சாயாமல் இருக்க அதற்குள் தண்ணீர் நிரப்பி வைப்போம். வெள்ளைக் கரண்டியை விட்டு எடுத்துப் பார்த்தால் ஏழெட்டு நெளிந்தன. தினமும் நான் சாய்ந்து நின்று டீ குடிக்கிற தடுப்பு அது.

மூடிக்கு வழியில்லாமல் பாலிதீனைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது புதுக்கோட்டைப் பையன் ஒருவன் வந்து நின்றான். ஊரில் மனைவிக்கு ஆறாம் மாதம், செப்டம்பரில் டிக்கெட் போட்டிருந்தான். "அண்ணே, காய்ச்சல் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ஊருக்குப் போகலாமா?" டாக்டரைக் கேள் என்றேன். டாக்டர் பயப்படும்படி ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனாலும் அவன் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டான். அன்றைக்கு டைரியில் நான் எழுதியிருப்பது: காலை மழை, ஆள் 79, தடுப்பு மூடி ஒன்று இல்லை.