நாடா வைத்த பிறகு வந்த பிள்ளை

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகும் முன் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். தூக்குவது, இறக்குவது, குனிந்து கழுவுவது, நாள் முழுக்க இதுதான். மூத்தவன் பிறந்ததிலிருந்து இந்தத் தூக்கலில் எனக்கு மூத்திரம் போக ஆரம்பித்தது. அவன் 3 கிலோ 900 கிராம், தலையில் வெக்யூம் கிண்ணம் வைத்து இழுத்து எடுத்த பிள்ளை. இருமினால் போகும், தும்மினால் போகும், நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டுப் படி ஏறினாலும் போகும். ஐந்து வருஷம் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஒருநாள் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "மலையில எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கனத்த படங்குத் துணி கட்டியிருப்பதால் வெளியே தெரியாதாம். மழை பெய்தால் இன்னும் நல்லதாம், நனைந்த சேலையில் எது மழை, எது மற்றது என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். முப்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்தவர். மழைக்காகக் காத்துக்கொண்டு இத்தனை வருஷம் மலை ஏறியிருக்கிறார் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுவாரமே மிட்வைஃப் மிஸ்ஸிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்த துண்டோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் மூன்று மாதம் பயிற்சி மட்டும்தான். மூத்திரத்தை அடக்குவதுபோல உள்தசையை இழுத்துப் பிடித்து மெதுவாக விடவேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, நாளைக்கு மூன்று தடவை. போகும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது, மற்ற நேரத்தில்தான் செய்யவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாதி குறைந்தது. மீதிக்கு ஒபரேஷன் செய்தார்கள். கீழ் வழியாகச் சிறிதாக வெட்டி, மூத்திரக் குழாய்க்குக் கீழே தொட்டில்போல ஒரு வலை நாடா வைத்தார்கள். இருமும்போது அது குழாயைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு முன் டொக்டர் கேட்ட கேள்வி: "இனிப் பிள்ளை வேணுமா? வேணும்னா பெத்த பிறகு செய்றதுதான் நல்லது." இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

இரண்டு வருஷம் கழித்து நாள் தள்ளிப்போனது. அப்போது எனக்கு 34 வயது.

சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. நாடா அறுந்துவிடுமா, பிள்ளைக்குக் குத்துமா என்று என்னென்னவோ நினைத்தேன். ஒரு கிளினிக்கில், வரிசையில் இருந்த எல்லாத் தாய்மாரும் கேட்கும்படி, "இந்த ஒபரேஷனச் செஞ்சிட்டு எதுக்குப் பிள்ளை?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. கிளினிக் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்வியை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் செய்த ஒரு நல்ல காரியம், கண்டியில் என்ன ஒபரேஷன் என்று எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்திருந்ததுதான். எங்கள் கூரைத் தகரம் ஒழுகும். அதனால் அதைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு அரிசி வாளிக்குள் போட்டிருந்தேன். "மூத்திர ஒபரேஷன்" என்று வாயால் சொன்னபோது யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கர்ப்பப்பை இறக்கத்துக்குச் செய்ததா என்றும் கேட்டார்கள். அந்தக் கார்டை நீட்டிய பிறகுதான் பேச்சே மாறியது. நுவரெலியாவில் பார்த்த பெண் டொக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ் கூட நின்று ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னார்.

நாடா இருக்கும் இடம் வேறு, பிள்ளை இருக்கும் பை வேறு, பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் வயிறு பெருக்கப் பெருக்கப் பாரம் கீழே அழுத்தும், தசை இளகும், ஒழுக்கு திரும்ப வரலாம். சிலருக்கு மாறாக மூத்திரம் முழுசாகப் போகாமல் உள்ளே தங்கலாம், அதனால் கிருமி சேரலாம். இதற்காகவே மூத்திரம் போய்விட்டு வந்து படுக்கச் சொல்லி, ஸ்கானில் மீதி எவ்வளவு என்று பார்த்தார்கள். எரிச்சல், காய்ச்சல், இடுப்புக்கு மேல் வலி, இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார்கள்.

ஏழாம் மாதத்தில் அவர் சொன்னபடியே இருமலுக்கு ஒழுகியது. அழுதேன். எல்லாம் வீணாய்ப் போனதே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அன்றிலிருந்து தண்ணீர் வாளியைத் தானே தூக்க ஆரம்பித்தார்.

பெரிய குழப்பம், பிள்ளையை எப்படிப் பெறுவது என்பதில்தான். சொந்தபந்தம் எல்லாம் "சீசர் செய்யச் சொல்லு, நாடா தப்பும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டொக்டர் சொன்னது வேறு. இந்த ஒபரேஷனுக்குப் பிறகு இரண்டு வழியிலும் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், சீசர் செய்தால் ஒழுகவே ஒழுகாது என்று உறுதி தர முடியாது, கர்ப்பமே தசையைத் தளர்த்தும், சீசரும் வயிற்றைத் திறக்கும் ஒபரேஷன்தானே என்றார். பிள்ளையின் எடை, தலை இருக்கும் நிலை, என் விருப்பம் மூன்றையும் வைத்து 36ஆம் வாரத்தில் பேசினோம். சாதாரணமாகவே பெறுவது, நேரம் இழுத்தால் வெக்யூமுக்குப் போராடாமல் சீசருக்கு மாறுவது என்று முடிவாகி, அட்டையிலும் எழுதினார். வேறொருத்திக்கு இதே டொக்டர் சீசரே நல்லது என்று சொல்லியிருக்கலாம், அது அவளவள் உடம்பைப் பொறுத்தது.

வலி வந்தது விடியற்காலையில், பனி மூட்டத்தில். த்ரீவீல் வளைவுக்கு வளைவு ஊர்ந்து போனது. வார்டில் முதலில் கார்டை எடுத்துக் கொடுத்தேன். வலிக்கு நடுவிலும் மூத்திரப்பை நிறையாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசி முக்கல் அரை மணிநேரம்கூட இல்லை. மகள், 3 கிலோ 50 கிராம்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆறு மணிநேரமாகியும் மூத்திரம் வரவில்லை. வருகிறமாதிரி இருக்கும், சொட்டு மட்டும் விழும். வெட்கப்படாமல் மிஸ்ஸைக் கூப்பிட்டேன், அது சரியான காரியம். மூத்திரம் எடுக்கும் குழாய் போட்டதும் பை நிறைய வந்தது. ஒருநாள் வைத்திருந்துவிட்டு எடுத்து, பிறகு நான் போகும் ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள்தான் விட்டார்கள்.

வீட்டில் அம்மா, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து இடித்து வைத்திருந்தார். அதை ஆசையோடு சாப்பிட்டேன். ஆனால் தண்ணீர் அதிகம் குடிக்காதே என்றதை மட்டும் கேட்கவில்லை. தாகத்தை அடக்கினால் மூத்திரம் கடுத்து எரியும், பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும்.

முதல் ஆறு வாரம் நன்றாகவே ஒழுகியது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் எட்டு எண்ணிப் பயிற்சி செய்தேன். இப்போது மகளுக்கு பத்து மாதம். தடிமன் பிடித்துத் தும்மினால் சில நாள் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பிள்ளைக்காம்பரா வேலைக்கும் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் கண்டிக் கிளினிக் இருக்கிறது. இந்த முறை அம்மாவும் வருகிறார், தனக்கும் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு.